முப்பத்தைந்து சத முத்திரையின் குற்று

அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் யார் வீட்டிலாவது பிறந்தநாள் விருந்து என்றால், மூலையில் பேப்பர் தட்டோடு நிற்கிற ஞானேஸ்வரனிடம் மாட்டிக்கொள்ளாமல் தப்புவதே பெரிய சாமர்த்தியம். மாட்டியவருக்கு ரோல்ஸும் ஆறிவிடும், கேக்கும் தீர்ந்துவிடும். மனிதர் முத்திரையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். முத்திரை என்றால் தபால்தலை. சென்னைக்காரர்கள் ஸ்டாம்பு என்பார்கள். யாழ்ப்பாணத்தாருக்கு அது முத்திரைதான். "அங்கிள், பிள்ளை அழுகுது, பாத்திட்டு வாறன்" என்று பிள்ளையே இல்லாதவர்கள்கூட நழுவியிருக்கிறார்கள்.

அவருக்கு மில்பீட்டஸில் வேலை. டிஸ்க் டிரைவ் செய்கிற கம்பனியில் கையேடு எழுதுவது. பெட்டியைத் திறந்ததும் எல்லோரும் குப்பையில் போடுகிற அந்தப் புத்தகத்தை எழுதுகிறவரும் ஒரு மனிதர்தானே, அவர் இவர்தான். யாரும் வாசிக்கமாட்டார்கள் என்று தெரிந்தும் ஒரு கமா பிசகாமல் எழுதுவார். அந்தப் பிடிவாதம்தான் பின்னால் அவர் குடியைக் கெடுத்தது என்பது என் அபிப்பிராயம். அவர் மனைவி ராஜராணியின் அபிப்பிராயமும் அதுவே.

முத்திரை என்றதும் ஊர் உலகத்து முத்திரையெல்லாம் சேர்க்கிற ஆள் என்று நினைக்கவேண்டாம். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு வரிசை. ஐம்பதுகளின் தொடக்கத்தில், சுதந்திரம் கிடைத்த சூட்டோடு, இலங்கை வெளியிட்ட படமுத்திரைகள். மான் நிற்கும் ஒன்று, நெல் அறுக்கும் ஒன்று, தென்னை, றப்பர், தேயிலை, முப்பத்தைந்து சதத்துக்கு ஓர்க்கிட் பூ. சாதாரணமாகக் கடிதத்தில் ஒட்டி, சீல் குத்தி, கிழித்து எறிந்த முத்திரைகள். அவற்றை யார் வரைந்தது, எந்தப் படம் வேண்டும் வேண்டாம் என்று யார் தீர்மானித்தது, மூன்று பாஷை எழுத்தையும் அந்த விரல் நகத்தளவு இடத்தில் எப்படி அடக்கினார்கள், ஐரோப்பாவில் இருந்த அச்சகம் படத்தைப் போட்டோ பிடித்துச் செப்பு உருளையில் எப்படி ஏற்றியது, முதல் அச்சில் பச்சை ஏன் ஒரு மாதிரி, அடுத்த அச்சில் ஏன் வேறு மாதிரி, இதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

டெக்சாஸில் ஹாலோவே என்று ஓய்வுபெற்ற பல் வைத்தியர் ஒருவர் இருந்தார். இலங்கை முத்திரை சேர்க்கிறவர்களின் சின்னச் சங்கம் ஒன்றுக்கு அவர் புத்தகங்கள் பதிப்பித்து வந்தார். 1991இல் அவர் ஞானேஸ்வரனுக்கு ஃபோன் பண்ணி, இந்த வரிசை உருவான கதையை முழுப் புத்தகமாக எழுதித்தர முடியுமா என்று கேட்டார். ஞானேஸ்வரன் ஃபோனை வைத்துவிட்டு சமையலறைக்குள் வந்து நின்ற நிற்பை ராஜராணி இன்றைக்கும் சொல்வார். முதல் பிள்ளை பிறந்தபோதுகூட மனிதர் அப்படிச் சிரிக்கவில்லையாம்.

சிரிப்புக்குக் காரணம் புத்தகம் அல்ல. அந்த முப்பத்தைந்து சதம்.

அந்த முத்திரையில் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எழுத்து ஒழுங்காக இருக்கும். தமிழில் 'இலங்கை' சரி. அடுத்த சொல்லில்தான் வினை. முதல் அச்சில் 'தபால்' என்பதற்குப் பதில் 'தபால' என்று இருக்கும். கடைசி எழுத்தின் தலையில் புள்ளி இல்லை. யாழ்ப்பாணத்தில் அதைக் குற்று என்பார்கள். பிறகு வந்த அச்சில் குற்று ஏறிவிட்டது. சேகரிப்பவர்களுக்கு இது கொண்டாட்டம்: குற்று இல்லாதது முதல் வகை, குற்று உள்ளது இரண்டாம் வகை. எழுத்தே தெரியாத வெள்ளைக்காரர்கள் பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அந்த 'ல'வின் உச்சந்தலையைத் தேடுவார்கள்.

அந்தக் குற்றை வைக்கப் பண்ணியது தன் அப்பா என்பதுதான் ஞானேஸ்வரனின் சொத்து.

அப்பா அம்பலவாணர் கொழும்பில் ஒரு அரசாங்கக் கந்தோரில் மொழிபெயர்ப்பாளர். வீட்டில் ஆயிரம் தரம் சொன்ன கதை அது. முத்திரை வெளிவந்த அன்று காலை ஒன்றை வாங்கிப் பார்த்தாராம். பார்த்ததும் உடம்பெல்லாம் எரிந்ததாம். நேரே பெரிய துரையின் அறைக்குள் போய், "சேர், இந்த நாட்டிலே தமிழனுக்குத் தபால் இல்லை, தபாலதான் இருக்குது" என்றாராம். தமிழ் தெரியாத அச்சுக்காரர்கள் குற்றைத் தூசி என்று நினைத்து எடுத்துவிட்டார்கள் என்று விளக்கி, கடிதம் மேல் கடிதம் எழுதி, கடைசியில் அதை வைக்கப் பண்ணினாராம். "அது என்ர குற்று" என்பார். யாழ்ப்பாணத்து வீட்டுச் சுவரில் இரண்டு முத்திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். வருகிறவர்கள் எல்லோரும் அதன் கீழே நின்று கதை கேட்டுவிட்டுத்தான் தேத்தண்ணி குடிக்க முடியும்.

அம்பலவாணர் எழுபத்தெட்டாம் ஆண்டு காலமாகிவிட்டார். வீடு எண்பத்தேழில் யுத்தத்தில் செல் விழுந்து போனது. சட்டம் போனது, அவருடைய படங்கள் போயின, பெட்டி போனது. யாருடையதோ கலியாணப் படத்தில் கூட்டத்துக்குப் பின்னால் பாதி முகமாக நிற்கிற ஒரு படம்தான் மிச்சம் என்று சொல்வார்கள். அதுவும் அவர்தானா என்று நிச்சயமில்லை. அக்கா மரகதம் டொராண்டோவுக்குப் போய்ச் சேர்ந்தபோது கையில் ஒன்றும் இல்லை, இந்தக் கதை மட்டும் இருந்தது. தன் பிள்ளைகளை அதைச் சொல்லித்தான் வளர்த்தார். "குற்று வைச்ச அம்மப்பா" என்றால் அந்த வீட்டில் கடவுளுக்கு அடுத்த படி.

ஆகவே புத்தகம் என்றதும் அக்கா ஃபோனிலேயே அழுதார். "அப்பான்ர பேர் புத்தகத்தில வருமோ தம்பி?"

"வராமலோ? அதுக்குத்தானே எழுதுறன்."

ஞானேஸ்வரனின் மகன் ஷாந்தனுக்கு மட்டும் இதில் ஒரு மண்ணும் விளங்கவில்லை. அவன் இங்கே பிறந்தவன், தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறவன். ஒருநாள் தகப்பன் அவனை இழுத்து உட்காரவைத்து இரண்டு முத்திரையையும் காட்டினார். அவன் பார்த்துவிட்டு, "டாட், இட்ஸ் ஜஸ்ட் எ டாட்" என்றான். அமெரிக்கன் உச்சரிப்பில் அப்பாவும் புள்ளியும் ஒரே மாதிரித்தான் காதில் விழுகிறது. ஞானேஸ்வரன் அதைச் சபையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பக்கத்து நகரமான சனிவேலில் முத்திரைக் கிளப் ஒன்றில் பேசக் கூப்பிட்டபோதும் அதைச் சொன்னார். 'இந்தப் புள்ளி என் அப்பா' என்று ஸ்லைடைக் காட்டி முடித்தார். எழும்பி நின்று கைதட்டினார்கள்.

அதன் பிறகு அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல. லண்டன், கொழும்பு என்று எழுதாத இடம் இல்லை. லீவு நாளெல்லாம் நூலகத்தில் போனது. ராஜராணி மௌரி அவென்யூ கடைக்குத் தனியாகவே போய்த் தனியாகவே அரிசி மூட்டையைக் காருக்குள் தள்ளப் பழகிவிட்டார். படங்களை வரைந்த ஓவியரின் வீட்டாரை ஞானேஸ்வரன் கண்டுபிடித்தார். உருளை எப்படிச் செய்தார்கள் என்பதை அந்தத் தொழிலில் இருந்த கிழவர் ஒருவரிடம் கேட்டு எழுதினார். ஒவ்வொரு அத்தியாயமாக டெக்சாஸுக்குப் போனது. ஹாலோவே ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரே கேள்வியைத்தான் எழுதுவார்: ஆதாரம்? மற்ற எழுத்தாளர்களுக்கு அது எரிச்சல். ஞானேஸ்வரனுக்கு அது தேன். ஆதாரம் இல்லாமல் பழைய புத்தகங்களில் எழுதிவைத்ததையெல்லாம் பிடித்துக் கிழிகிழி என்று கிழித்திருந்தார். இன்னார் பச்சை என்று எழுதியது பிழை, இன்னார் வெளியீட்டு ஆண்டைக் கதை கேட்டு எழுதியிருக்கிறார் என்று அடிக்குறிப்பு முழுக்கச் சண்டை.

முப்பத்தைந்து சத அத்தியாயம் போனபோதும் அதே பென்சில் கேள்வி வந்தது. 'உங்கள் தந்தை சொன்னார் என்பது அழகான கதை. இரண்டாவது ஆள் யாராவது சொல்ல முடியுமா?'

கேட்டது நியாயம். ஞானேஸ்வரனுக்கே அது நியாயமாகப் பட்டது, அதுதான் பிரச்சினை.

லிவர்மோர் கோயிலில் ஒரு திருவிழா நாளில், சாப்பாட்டு வரிசையில் நின்றபோது, பழைய கொழும்புக் கதை பேசிக்கொண்டிருந்த ஒருவர் சேனாபதியின் பெயரைச் சொன்னார். அம்பலவாணரின் கந்தோரில் அதே பிரிவில் இளம் கிளார்க்காக இருந்தவர். இப்போது நியூஜெர்சியில், எடிசனில், மகளோடு இருக்கிறார். காது மந்தம், ஃபோனில் பேசமுடியாது. மற்றபடி மூளை கத்தி மாதிரி என்றார்கள். ஞானேஸ்வரன் அடுத்த வசந்தத்தில் லீவு போட்டு, ஒரு டேப் ரெக்கார்டரையும் வாங்கிக்கொண்டு விமானம் ஏறினார். ஹாலோவேக்கு இரண்டாவது ஆள் வேண்டுமாம். இரண்டாவது ஆளின் குரலையே கொண்டுவந்து கொடுப்பது என்று திட்டம். அவ்வளவு சந்தோஷமாகத்தான் அந்த மனிதர் போனார்.

மகளும் மருமகனும் வேலைக்குப் போயிருந்தார்கள். சேனாபதி தாமே கதவைத் திறந்தார். மெலிந்த உடம்பு, கம்பளிச் சட்டை, சுத்தமாகச் சவரம் செய்த முகம். மைக்ரோவேவில் தேத்தண்ணி சூடாக்கித் தந்தார். ஞானேஸ்வரன் டேப்பை அமுக்கிவிட்டு உரத்த குரலில் தன்னை அறிமுகம் செய்துகொண்டார்.

"ஆரோ? அம்பலவாணரின்ர மகனோ நீர்!" கிழவரின் முகம் மலர்ந்தது. "குற்று விட்ட அம்பலவாணரோ?"

விட்ட என்றதை ஞானேஸ்வரனின் காது இட்ட என்று வாங்கிக்கொண்டது. இத்தனை காலம் கேட்க ஆசைப்பட்டது அதைத்தானே. "ஓம், ஓம், குற்று வைச்சவர்" என்று தலையை ஆட்டினார்.

"வைச்சவரோ?" சேனாபதி கிளாஸைக் கீழே வைத்தார். "ஆர் சொன்னது வைச்சவர் எண்டு? விட்டவர் தம்பி. அவர்தான் விட்டவர்."

"இல்லை ஐயா. அச்சடிச்சவங்கள் தூசி எண்டு நினைச்சு..."

"அச்சடிச்சவங்கள் பாவம், அவங்களுக்கு என்ன தெரியும்? தந்ததை அடிச்சவங்கள்." கிழவருக்குப் பேசக் கிடைத்ததே பெரிய விஷயம். ஆள் யார், கேட்கிறவர் யார் என்பதெல்லாம் மறந்து உற்சாகமாகத் தொடங்கிவிட்டார். "படம் கீறினவருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் எழுத்தை ஒரு துண்டில எழுதித் தாருங்கோ எண்டு கேட்டவர். எழுதிக் குடுத்தது ஆர்? உம்மட அப்பா. அவர் எந்தக் காலத்தில குற்று வைச்சு எழுதினவர்? ஓடுற குதிரை மாதிரி ஒரு எழுத்து, அதில குற்று எங்க நிக்கும்? அந்த மனிசன் பார்த்து அப்படியே கீறிப்போட்டார். பிறகு புரூஃப் வந்தது. அதையும் உம்மட அப்பாதான் பார்த்து, சரி எண்டு கையெழுத்து வைச்சவர். நான் பக்கத்து மேசை. என்ர கண்ணாலதான் பார்த்தன்."

"பிறகு பிழையைக் கண்டுபிடிச்சது?"

"மட்டக்களப்பில ஒரு வாத்தியார் எழுதிப்போட்டவர். பேர் ஞாபகம் இல்லை. மேல இருந்து கேள்வி மேல கேள்வி. கடைசியில அப்பாவைத் தூக்கி மலைநாட்டுக்கு மாத்திப்போட்டினம். தண்டனை மாத்தல். நல்ல மனிசன் தம்பி, கெட்டிக்காரன். போற அண்டைக்கு வாசலில நிண்டு என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதவர்."

டேப் சுற்றிக்கொண்டே இருந்தது. ஞானேஸ்வரன் நிறுத்தக் கை நீட்டினார். நிறுத்தவில்லை. கிழவர் பிஸ்கட் டின்னைத் திறந்து, எடுங்கோ எடுங்கோ என்று நீட்டினார். இவர் ஒன்றை எடுத்து, மென்று, விழுங்கி, நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

பொய் என்று சொல்லித் தப்பவும் அவருக்கு வழி இல்லாமல் போனது. அப்பாவின் கையெழுத்து அவருக்குத் தெரியாதா? ஹொஸ்டலில் இருந்த காலத்தில் அப்பாவின் கடிதம் வந்தால், ஒரு பென்சிலை எடுத்துக் குற்று வைத்துக்கொண்டே போனால்தான் வாசிக்க முடியும். அந்தக் காலத்து ஆட்கள் பலர் அப்படித்தான். ஓலையில் எழுதிய பரம்பரை; குற்று வைத்தால் ஓலை கிழியும் என்று விட்டவர்கள், காகிதம் வந்த பிறகும் விட்டுக்கொண்டே இருந்தார்கள். தமிழ் தெரிந்தவனின் கண், இல்லாத குற்றையும் சேர்த்துத்தான் வாசிக்கும். 'தபால' என்று இருந்தாலும் தபால் என்றே போகும். அம்பலவாணரின் கண்ணும் அப்படிப் போயிருக்கிறது. தமிழ் தெரியாதவன் பார்த்திருந்தால் ஒருவேளை பிடித்திருப்பான்.

மலைநாட்டுக்கு மாற்றம் வந்தது ஞானேஸ்வரனுக்கும் நினைவு இருந்தது. புரமோஷன் என்று அப்பா சொன்னார், அம்மா பாயாசம் வைத்தார். குளிரில் எல்லோரும் ஒரே போர்வைக்குள் கிடந்தார்கள். விமானத்தில் அதை நினைத்தபோது அவருக்கு முதலில் வந்தது கோபம். என்னைப் போய் சனிவேலில் மேடையேற்றிக் கைதட்டு வாங்கவைத்தாயே என்று செத்துப்போன மனிதர்மேல் கோபம். பிறகு வெட்கம். அதற்கும் பிறகுதான், ஃப்ரீவேயில் கார் ஓட்டிக்கொண்டு வரும்போது, வாசலில் நின்று அழுத அப்பாவை நினைத்து அழுதார்.

ராஜராணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே வார்த்தையில் முடித்தார். "விடுங்கோ."

"என்னத்தை விடுறது?"

"இதைத்தான். சேனாபதி மாமாவும் நீங்களும் மட்டும்தானே அறிஞ்சது. பழையபடி எழுதவேண்டாம், புதுசாயும் எழுதவேண்டாம். யாருக்குத் தெரியப்போகுது?"

"மற்றவையின்ர பிழையெல்லாம் அடிக்குறிப்பில கிழிச்சுப்போட்டு, என்ர வீட்டுப் பிழையை மட்டும் மறைக்கிறதோ?"

"இஞ்சாருங்கோ, அது முத்திரை. இது அப்பா."

சரியாகத்தான் சொன்னார். ஆனால் ஒரு கமாவை விடமாட்டாத மனிதரிடம் ஒரு அப்பாவை எப்படி விடச் சொல்வது? மறைத்தால் புத்தகமே பொய் என்று அவர் மனதில் விழுந்துவிட்டது. எழுதுவதற்கு முன்னால் அக்காவிடம் சொல்லிவிடவேண்டும் என்பது மட்டும் அவர் செய்த ஒரே புத்தியான காரியம். அதுவும் புத்தியான காரியம்தானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

மரகதம் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு கேட்டார்: "அந்தக் கிழவனுக்கு என்ன வயசு?"

"எழுபதுக்கு மேல. ஆனா மூளை தெளிவு அக்கா."

"அப்பாவில ஏதும் எரிச்சல் இருந்திருக்கும்."

"இல்லை. அப்பாவை நல்ல மனிசன் எண்டுதான் சொன்னவர்."

"அப்ப நீ எழுதப்போறாய்."

"உண்மையை எழுதாமல் என்னெண்டு..."

"தம்பி, எனக்கு அப்பான்ர ஒரு படம் இல்லை. அவர் இருந்த வீடு இல்லை. எரிச்ச சுடலைக்குப் போய் நிக்கவும் ஏலாது. என்ர பிள்ளையளுக்கு அவரைப் பற்றிச் சொல்ல இந்த ஒரு குற்றுத்தான் இருக்குது. அதையும் பிடுங்கிப்போட்டு, பிழை விட்ட மனிசன் எண்டு உலகத்துக்கு எழுதி வைக்கப்போறியோ? எழுது. எழுதினா எனக்குத் தம்பி எண்டு ஒருத்தன் இல்லை."

ஃபோன் வைத்த சத்தம் கேட்டது.

அவர் எழுதினார். நிதானமாக, ஒரு சொல்கூடக் கூட்டாமல் குறைக்காமல் எழுதினார். மொழிபெயர்ப்பாளர் அம்பலவாணர் எழுதிக் கொடுத்த துண்டில் குற்று இல்லாதது, ஓவியர் அதைப் பார்த்து வரைந்தது, ப்ரூஃபில் அம்பலவாணரே தவறவிட்டது, பின்னர் ஒரு ஆசிரியர் சுட்டிக்காட்டியது, பிழையை ஒட்டி அம்பலவாணர் மாற்றப்பட்டது. தமிழர் அவசரமாக எழுதும்போது குற்றை விடும் பழக்கத்தைப் பற்றி ஒரு பத்தி. கடைசியில், 'அம்பலவாணர் இந்நூலாசிரியரின் தந்தை' என்று ஒரு வரி. அந்த வரியை அடித்து, எழுதி, அடித்து, திரும்ப எழுதினார். டேப்பின் பிரதியையும் சேர்த்து டெக்சாஸுக்கு அனுப்பினார். அந்த அத்தியாயத்தில் மட்டும் ஹாலோவேயின் பென்சில் கேள்வி வரவில்லை.

மரகதம் சொன்ன சொல் தவறவில்லை. பொங்கலுக்கு ஃபோன் இல்லை, தீபாவளிக்கு இல்லை. ஞானேஸ்வரன் ஃபோன் பண்ணினால் அக்காவின் மகள் நிருஜா எடுத்து, "ஹாய் மாமா, அம்மா நித்திரை" என்பாள். பட்டப்பகலில் என்ன நித்திரை என்று அவரும் கேட்பதில்லை. 1999இல் நிருஜாவுக்கே கலியாணம் நடந்தது. தாலிக்கு முன் மாமன் செய்யவேண்டியதை வேறு யாரோ தூரத்து ஒன்றுவிட்ட மாமன் செய்தார் என்று இன்னொருவர் மூலம் தெரியவந்தது. ராஜராணி அந்தக் கலியாணத்துக்கென்று சென்னையிலிருந்து எடுப்பித்து வைத்திருந்த பட்டுச் சேலையை அலுமாரியின் அடியில் தள்ளினார்.  

நியூஜெர்சியில் சேனாபதி அதற்கு முந்திய குளிருக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். புத்தகமோ வருகிறது வருகிறது என்று இழுத்தது. சங்கத்தில் பணம் போதவில்லை, அச்சகம் மாறியது, ஹாலோவேக்கு இதயத்தில் ஆபரேஷன்.

2001 வசந்தத்தில் ஒருநாள் வாசலில் பார்சல் கிடந்தது. நல்ல கனமான புத்தகம், பளபளவென்ற காகிதம், அட்டையில் ஓர்க்கிட் பூ. ஞானேஸ்வரன் நின்றபடியே முப்பத்தைந்து சத அத்தியாயத்தைப் புரட்டினார். ஓவியர் இருந்தார், உருளை இருந்தது, நிறங்கள், அச்சுகள், ஓரத்துத் துளைகள் எல்லாம் இருந்தன. குற்றைப் பற்றி ஒரு வாக்கியம் இருந்தது: 'தமிழ் வாசகத்தில் விடுபட்டிருந்த புள்ளி, பிந்திய அச்சில் சேர்க்கப்பட்டது.' அவ்வளவுதான். சேர்த்தது யார், விட்டது யார், துண்டு, ப்ரூஃப், மட்டக்களப்பு, மலைநாடு, ஒன்றும் இல்லை. பின்னால் பெயர் அட்டவணையில் தேடினார். அச்சு இயந்திரம் விற்றவனின் பெயர்கூட இருந்தது. அம்பலவாணர் இல்லை.

டெக்சாஸுக்கு ஃபோன் பண்ணினார். ஹாலோவேயின் குரல் பலவீனமாக இருந்தது, ஆனால் அன்பாகத்தான் பேசினார். பக்கம் குறைக்கச் சொன்னார்கள், சேகரிப்பவர்களுக்கு இரண்டு வகை உண்டு என்று தெரிந்தால் போதும், ப்ரூஃப் பார்த்தவர் யார் என்பது யாருக்கு வேண்டும் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "தன் அப்பாவைப் பற்றி அப்படி அச்சில் பார்க்க எந்த மகனுக்கும் பிடிக்காது. உங்களுக்கு உதவி செய்ததாகத்தான் நினைத்தேன்" என்றார். ஞானேஸ்வரன் நன்றி சொல்லிவிட்டு ஃபோனை வைத்தார்.

ராஜராணி புத்தகத்தை வாங்கி அந்த ஒரு வாக்கியத்தைப் பார்த்தார். பல வருஷத்துக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். "பேரே இல்லைத்தானே! அக்காவுக்கு எடுத்துச் சொல்லுங்கோ. அப்பாவைப் பற்றி ஒரு பிழையும் எழுதேல்லை எண்டு சொல்லுங்கோ. அக்கா சந்தோஷப்படுவா. எல்லாம் முடிஞ்சுது எண்டு சொல்லுங்கோ."

ஞானேஸ்வரனுக்கும் அது சரியென்றே பட்டது. பாவம், நம்பிவிட்டார். டொராண்டோவில் அன்று ஃபோனை எடுத்தது நிருஜா அல்ல, அவள் புருஷன் வீட்டில் இருந்தாள். மரகதமே எடுத்தார். குரல் கேட்டதும் வைத்துவிடுவார் என்று பயந்து இவர் மூச்சு விடாமல் சொன்னார். "அக்கா, வைக்காதையுங்கோ. புத்தகம் வந்திட்டுது. அப்பான்ர பேர் வரேல்லை. நான் எழுதினதை எடுத்துப்போட்டினம். பிழை விட்டவர் எண்டு ஒரு இடத்திலயும் இல்லை."

 டொராண்டோ வீட்டில் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தம் குறைந்தது.

"ஒரு இடத்திலயும் இல்லையோ?"

"இல்லை அக்கா. முழுக்கப் பார்த்தன்."

"அம்பலவாணர் எண்ட பேரே இல்லையோ?"

"இல்லை."

மரகதம் அழவில்லை, கத்தவில்லை. களைத்துப்போன குரலில், யாரிடமோ பேசுவதுபோலச் சொன்னார்: "பிழை விட்டவர் எண்டாவது இருந்திருக்கலாம்."

  அதோடு அக்கா ஃபோனை வைத்துவிட்டார், இவர் கையில் அது அப்படியே இருந்தது. என்ன சொன்னா, என்ன சொன்னா என்று ராஜராணி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தார்.